சிவப்பின் சொல் செல்லாது

பெருந்துறையில் பூங்கொடியைத் தெரியாதவர்கள் கிடையாது. கரண்ட் போனால் அவர் வீட்டு வாசலில் ஒரு பல்லியைக் கொண்டுபோய் விட்டால் போதும், தெருவுக்கே வெளிச்சம் கிடைத்துவிடும் என்று கேலி பேசுவார்கள். பல்லி கத்தினால் அவர் காதில் மாட்டிய கடுக்கனின் விளக்கு சிவக்கும். செவ்வாய்க்கிழமை வெளியூர் கிளம்பச் சொன்னால் சிவக்கும். பூனை, லிஃப்ட், கிரகணம், எட்டாம் நம்பர் பஸ் என்று எதற்கு வேண்டுமானாலும் சிவக்கும். ஒருமுறை ரேஷன் கடை வரிசையில் யாரோ பின்னால் தும்மியதற்குச் சிவந்து, முன்னால் நின்ற பெண்மணி தன்னைப் பார்த்துத்தான் சிவந்தது என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

அவருடைய கணவருக்கு ஒரு நாளும் சிவந்தது கிடையாது.

கடுக்கனைப் பற்றித் தெரியாதவர்கள் இன்னும் யாராவது மிச்சம் இருந்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் வைத்த பெயர் நிகர்காட்டி. அந்தப் பெயரை அரசாணையைத் தவிர வேறெங்கும் யாரும் உச்சரித்ததில்லை. காதில் மாட்டுவதால் கடுக்கன், அவ்வளவுதான். ஒருவரையோ ஒன்றையோ பார்த்ததும், யோசிக்கும் முன்பே மனது துள்ளி விலகுகிறதே, அந்தத் துள்ளலை மூளையிலிருந்து பிடித்துச் சிவப்பு விளக்கை எரிய வைக்கும். மற்ற நேரமெல்லாம் பச்சை. காழ்ப்பும் மூடநம்பிக்கையும் இல்லாத நாட்டை உருவாக்கியே தீருவோம் என்று சட்டசபையில் மேசையைத் தட்டிய வருடம் அது வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு மனிதர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டுக் காதைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள்.

பூங்கொடியின் கணவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் மயில்சாமி. சமத்துவம் பேசும் நிகரியர் மன்றத்தில் சேர்ந்து மாவட்டச் செயலாளர் ஆனதும் நிகரன்பன் என்று மாற்றிக்கொண்டார். ஊரில் எந்தத் திறப்பு விழாவானாலும் நாடா வெட்ட அவர்தான். "சிவப்பறியாச் செவியே, வருக!" என்று ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். அதில் அவருடைய முகத்தைவிடக் காது பெரிதாக இருக்கும்.

அவர் காலை நடைக்குப் போகும்போது குளத்தை ஒட்டிய ஒரு தெருவை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போவார். அங்கே தூசி அதிகம் என்பார். போன தேர்தலுக்கு முன்பே அந்தத் தெருவில் சிமெண்ட் ரோடு போட்டாகிவிட்டது. ஆனாலும் அவர் தூசி என்று சொல்லும்போது காது பச்சையாகத்தான் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கண்ணுக்கு அங்கே தூசிதான் தெரிகிறது.

வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீரானாலும் காப்பியானாலும் பேப்பர் கப்பில்தான் என்பதும் அவர் போட்ட விதி. கலெக்டர் வந்தாலும் பேப்பர் கப், தபால்காரர் வந்தாலும் பேப்பர் கப். சமத்துவமும் ஆயிற்று, சுகாதாரமும் ஆயிற்று என்று சொல்லிப் பெருமைப்படுவார். பங்காளிகளும் மாமன் மச்சான்களும் வந்தால் நேரே சமையலறைக்குள் போய் எவர்சில்வர் டம்ளரில் மொண்டு குடித்துக்கொள்வார்கள். அதை யாரும் விதிமீறலாக நினைத்ததில்லை. பெருந்துறைப் பக்கத்தில் உறவாக வீட்டுக்கு வருகிறவர்களை ஒரம்பரை என்பார்கள். மற்றவர்கள் விருந்தாளிகள். பேப்பர் கப் விருந்தாளிகளுக்கு மட்டும்தானே.

இந்த வீட்டுக்கு ஒரே மகள் சாருமதி. கால்நடை மருத்துவர். கூடப் படித்த நித்திலனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அவள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். நித்திலனின் வீடு குளத்தை ஒட்டிய அந்தத் தெருவில்தான் இருந்தது.

பூங்கொடியின் காது பளிச்சென்று சிவந்தது. கையில் இருந்த கரண்டி ரசத்துக்குள் விழுந்தது.

நிகரன்பன் மோரை ஊற்றிக்கொண்டே, "வரச் சொல்லம்மா. பேசுவோம்" என்றார். அவர் வீட்டிலும் மேடைத் தமிழ்தான் பேசுவார். காது இளந்தளிர்ப் பச்சையாக இருந்தது. அப்பா இவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்வார் என்று சாருமதி எதிர்பார்க்கவில்லை. அம்மாவை நினைத்துத்தான் அவளுக்குக் கவலையாக இருந்தது.

கவலைக்குக் காரணம் சட்டம். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொள்ளும் பிள்ளைகளைச் சொந்தபந்தங்களே வெட்டிப்போடுவது கடுக்கன் வந்த பிறகும் நிற்கவில்லை. அதனால் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். இரண்டு வீட்டிலும் பெரியவர் ஒருவராவது, பச்சைக் காதோடு, அரசு சாட்சி அலுவலர் முன்னால் சரி என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் பதிவு. பதிவு இருந்தால்தான் போலீஸ் காவல். சிவப்பின் சொல் செல்லாது. பயத்தில் பேசுகிறவருக்குத் தான் என்ன பேசுகிறோம் என்று தெரியாது என்பது சட்டத்தின் எண்ணம். பச்சைக்காரர் ஒருவர் மறுத்தால் அது பாகுபாடு ஆகாது, கருத்து ஆகும். அந்த வீட்டிலேயே இன்னொரு பச்சைக்காரர் சரி என்று சொன்னாலொழிய அந்தக் கருத்தை மாற்ற முடியாது. பிள்ளைகளைக் காப்பாற்றப் போட்ட சட்டம் எப்படியோ சுற்றிக்கொண்டு பெற்றவர்கள் கையிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. இதற்கு ஒரு நிபுணர் குழுவும் இருந்தது.

குறித்த நாளில் சாட்சி அலுவலர் ரெஜினா வந்தார். நித்திலனும் அவனுடைய அப்பா அங்கமுத்துவும் வந்தார்கள். அங்கமுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வேட்டியின் மடிப்புக் கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வாசற்படி ஏறியதிலிருந்து அவர் காது சிவந்தே இருந்தது.

"ஐயா, உங்களுக்குச் சிவப்பு காட்டுது. உங்க சம்மதத்தை நான் பதிவு பண்ண முடியாது. ஆனா உங்க வீட்டம்மா போன வாரமே பச்சையில சரி சொல்லிட்டாங்க. அதனால பாதகமில்லை" என்றார் ரெஜினா.

"எனக்கு யார் மேலயும் வெறுப்பு இல்லீங்க. இந்த மாதிரி வூட்டுக்குள்ள வந்து உக்காந்தா கொஞ்சம் பயமா இருக்குதுங்க, அவ்வளவுதான்."

"பயந்தாலும் சிவப்புத்தான் ஐயா."

அங்கமுத்து சிரித்தார். "பயந்தாச் செவப்புங்களா? எங்கப்பன் காலத்துல பயப்படாட்டித்தானுங்க முதுகுல செவப்பு வரும்."

ரெஜினா கையிலிருந்த மின்பலகையில் எதையோ தட்டினார்.

சமையலறையில் பூங்கொடி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். பேப்பர் கப் அடுக்கு மேடை மேல் தயாராக இருந்தது. கை அதை நோக்கிப் போனது. பிறகு நின்றது. அலமாரியைத் திறந்து, தான் தினமும் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். அதன் வளைவில் தன் காதுப் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி தெரிவதைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரை ஊற்றினார். கூடத்துக்கு வருவதற்குள் கால்வாசி தரையில் சிந்திவிட்டது.

"இந்தாங்க" என்று நீட்டினார். டம்ளர் ஆடியது.

நிகரன்பன் சிரித்த முகத்தோடு, "பூங்கொடி, பேப்பர் கப் தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க. ஒரம்பரைக்கு யாராச்சும் பேப்பர் கப்புல தண்ணி குடுப்பாங்களா?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அங்கமுத்து நிமிர்ந்து பார்த்தார். எரிந்துகொண்டிருந்த அந்தக் காதையும், ஆடுகிற டம்ளரையும், மீண்டும் காதையும் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பூங்கொடி அதை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ரத்தச் சிவப்பாக எரிந்துகொண்டு எதிரெதிரே நின்றார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். கடுக்கனின் கணக்கில் அது இரட்டைக் குற்றம்.

ரெஜினா நல்ல மனசுக்காரர். குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, உள்ள ஏதாவது பல்லி கில்லி கத்துச்சா? அப்படின்னா சொல்லுங்க, ஆறினதுக்கு அப்புறம் பதிவு பண்ணிக்கறேன்" என்று வழி காட்டினார்.

பூங்கொடி தலையை ஆட்டினார். "இல்லீங்க. இது பல்லிக்கில்லீங்க. இவங்களுக்குத்தானுங்க."

சாருமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். நித்திலன் தரையைப் பார்த்தான். அங்கமுத்துவுக்கு மட்டும் ஏனோ முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஆனா எனக்குச் சம்மதமுங்க. பையன் நல்ல பையன். என்ற புள்ள அங்க நல்லா இருப்பா. சரின்னு எழுதிக்கோங்க" என்றார் பூங்கொடி.

"சிவப்புல சொன்னா எழுத முடியாதும்மா" என்றார் ரெஜினா. பிறகு நிகரன்பன் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொன்னாப் போதும்."

நிகரன்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். நித்திலனை வாஞ்சையோடு பார்த்தார்.

"இந்த இளைஞர் மீது எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது. நல்ல படிப்பு, நல்ல பண்பு. ஐயா அவர்கள் மீதும் மிகுந்த மரியாதை உண்டு. இருந்தாலும் இந்தத் திருமணம் வேண்டாம். வாழ்க்கை முறை வேறு, வளர்ந்த சூழல் வேறு. நம் சமூகம் இன்னும் பக்குவப்படவில்லை. பக்குவப்பட்டதும் இதுபோன்ற திருமணங்களை நானே முன்னின்று நடத்துவேன்."

"யாருக்குங்கப்பா?" என்று கேட்டாள் சாருமதி.

"யாருக்காவது."

எல்லோரும் அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை. கத்தரிக்காய் வேண்டாம், வெண்டைக்காய் போடு என்று கடைக்காரரிடம் சொல்கிறவருக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. சாருமதி அழுதாள், கெஞ்சினாள், கத்தினாள். அவர் மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்து, "உணர்ச்சிவசப்படாதே அம்மா, உன் காது சிவக்கிறது பார்" என்றார். அவருக்கு உண்மையிலேயே மகள்மேல் பாசம் உண்டு. அந்தப் பாசத்துக்கும் இந்த மறுப்புக்கும் அவருக்குள் எந்தத் தகராறும் இல்லை.

பூங்கொடி டம்ளரைக் கீழே வைக்காமலே ரெஜினாவிடம் வந்தார்.

"நான் பயந்துக்கிட்டே சரிங்கறேன். இவரு பயப்படாமயே வேண்டாங்கறாரு. இதுல யாரு வாக்குங்க செல்லோணும்?"

"சட்டப்படி சார் வாக்குதாம்மா."

"எனக்குப் பச்சை வந்துட்டா?"

"அப்ப உங்க வாக்கு செல்லும். ஒரு பச்சை சரின்னு சொன்னாப் போதும், சார் மறுத்தது ரத்தாயிடும்." ரெஜினா தயங்கினார். "பவானி போற வழியில தெளிவகம் இருக்கு. அங்க சிகிச்சை குடுத்தா சிவக்கறது நின்னுடுது. நிறையப் பேர் போயிட்டு வந்திருக்காங்க."

"அப்ப என்னையும் அங்க கொண்டுபோய் உட்டுப்போடுங்க" என்றார் பூங்கொடி.

அடுத்த செவ்வாய்க்கிழமை, எட்டாம் நம்பர் பஸ்ஸில், தாயும் மகளும் தெளிவகத்துக்குப் போனார்கள். வழி முழுக்கப் பூங்கொடியின் காது எரிந்தது. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய் உட்கார்ந்தார்.

தெளிவகத்தின் டாக்டர் கீர்த்திவாசன் உற்சாகமான மனிதர். சாருமதி சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"எங்கப்பாவுக்கு ஏன் டாக்டர் செவக்கறதே இல்ல? அவரு தெரு பார்த்து நடக்கறவரு. ஆள் பார்த்துக் கப் எடுக்கறவரு."

"அது ரொம்பச் சுலபம்மா. உள்ள இழுபறி இருந்தாத்தான் சிவக்கும். ஒரு பக்கம் பயம் இழுக்கும், இன்னொரு பக்கம் 'சீ, இது தப்பு'ன்னு மனசு இழுக்கும். அந்த உரசல்ல வர்ற சூடுதான் சிவப்பு. உங்கப்பாவுக்கு உள்ள ஒரே கட்சி ஆட்சி. எதிர்க்கட்சியே இல்லை."

"அப்படின்னா கடுக்கன் காழ்ப்பைப் பிடிக்கலை. காழ்ப்போட சண்டை போடறவங்களைத்தான் பிடிக்குது."

"டெண்டர்ல என்னமோ காழ்ப்பை அளக்கணும்னுதான் கேட்டிருந்தாங்க. காழ்ப்பை எப்படிம்மா அளக்கறது? சண்டையை அளக்கறது சுலபம். அதனால அதை அளந்தாங்க" என்று டாக்டர் கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னார்.

"இதை அரசாங்கத்துக்கிட்ட யாரும் சொல்லலையா?"

"சொன்னோமே. குழு போட்டாங்க. குழுவுல எல்லாரும் பச்சைக்காரங்க. அவங்களுக்கு ஒரு சந்தேகமும் வரலை."

"அம்மாவை என்ன பண்ணுவீங்க?"

"பயத்தை எடுத்துடுவோம். அந்த நடுக்கம், அருவருப்பு எல்லாம் அடங்கிடும். பயம் போச்சுன்னா இழுபறி போச்சு."

"அதுக்கப்பறம் அவங்க நல்ல மனசு மட்டும் மிஞ்சும், அப்படித்தானுங்களே?"

"பச்சை மிஞ்சும்" என்றார் டாக்டர், திரையைப் பார்த்துக்கொண்டே.

சாருமதிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அம்மாவை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். "வேண்டாம்மா. வா, போயிரலாம். வேற வழி பாக்கலாம். நீ இப்படியே இரு."

பூங்கொடி மரத்தை அண்ணாந்து பார்த்து, மேலே ஓணான் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு உட்கார்ந்தார்.

"நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப, கூடப் படிச்ச புள்ள வூட்ல ஒருக்கா தண்ணி வாங்கிக் குடிச்சுப்போட்டேன். எங்கம்மா மாட்டுச் சாட்டையை எடுத்து வெளுத்துப்போட்டாங்க. அன்னைல இருந்து உள்ளுக்குள்ள ஒண்ணு உக்காந்துட்டுத் தொடாதே, தொடாதேன்னு கத்துது கண்ணு. பல்லிக்கும் கத்துது, பூனைக்கும் கத்துது, நித்திலன் அப்பாவைப் பாத்தாலும் கத்துது. அது சொல்லறது பொய்யின்னு எனக்குத் தெரியும்."

"எப்படிம்மா தெரியும்?"

"அது பேசறப்ப எனக்கு நடுங்குதுல்ல? நெசமா இருந்தா எதுக்கு நடுங்கோணும்? இது எங்கம்மா அடிச்ச அடின்னு புரிஞ்சுக்குவேன். கத்திட்டுப் போ சாமின்னு உட்டுப்போட்டு, நான் செய்ய வேண்டியதைச் செஞ்சுருவேன். இத்தனை வருசமா அப்படித்தான் ஓட்டறேன். இப்ப உனக்காக அது ஒழியட்டுமே. எனக்கும் அலுத்துப்போச்சு."

சாருமதி அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பயந்தாங்கொள்ளி அம்மாவைப் போல ஒரு தைரியசாலியை அவள் பார்த்ததில்லை.

சில வாரங்கள் கழித்துப் பூங்கொடி வீடு திரும்பினார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருவே கூடி நின்று காதைப் பார்த்தது. பச்சை! சமையலறைச் சுவரில் ஊர்ந்த பல்லியை விளக்குமாற்றால் தட்டி வெளியே எறிந்தார். செவ்வாய்க்கிழமையன்று ஈரோட்டுக்குப் போய் லிஃப்டில் ஏறி இறங்கி, ஒரு புடவை வாங்கி வந்தார். மன்றத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நிகரன்பன் பெருமையில் பூரித்துப்போனார். அடுத்து வந்த ஃப்ளெக்ஸில் இரண்டு காதுகள் இருந்தன.

அம்மாவின் முகம் இவ்வளவு அமைதியாக இருந்து சாருமதி பார்த்ததே இல்லை. தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது நின்றது. சாப்பாடு ஒழுங்காக இறங்கியது. காலையில் கணவரோடு நடைக்கும் போக ஆரம்பித்தார். போய்வந்தால் புடவை ஓரத்தில், கணவர் சொல்லும் அந்தத் தெருத் தூசி துளியும் இருக்காது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் சாருமதி இல்லை. அவளும் நித்திலனும் மாலை மாற்றுகிற நாளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஈரோட்டில் வீடுகூடப் பார்த்து வைத்துவிட்டார்கள்.

மீண்டும் ஒரு நாள் எல்லோரும் அதே கூடத்தில் கூடினார்கள். ரெஜினா இந்த முறை இனிப்பு வாங்கி வந்திருந்தார். அலுவலர்கள் அப்படிச் செய்யக் கூடாது. அங்கமுத்து பூவும் பழமும் வைத்த தட்டோடு வந்தார். அவருடைய காது வழக்கம்போலச் சிவந்திருந்தது. ஆனால் போன முறை போல நாற்காலி நுனியில் உட்காரவில்லை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வாங்கோ, வாங்கோ. வெயில் நெம்ப அதிகமா இருக்குதுங்களா?" என்று பூங்கொடி வாய் நிறைய வரவேற்றார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். கை கொஞ்சமும் ஆடவில்லை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"தண்ணி எடுத்துக்கோங்க. விருந்தாளிங்களை வெறும் வாயா உக்கார வெக்கலாமுங்களா?"

தட்டில் பேப்பர் கப்கள் வரிசையாக இருந்தன.

அங்கமுத்து ஒன்றை எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குடிக்காமல் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு, மெல்ல நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். நித்திலன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். சாருமதி எதையும் கவனிக்கவில்லை. அவள் அம்மாவின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினா முறைப்படி கேட்டார். "பூங்கொடி அம்மா, உங்க மகளுக்கும் நித்திலனுக்கும் நடக்கற கல்யாணத்துக்கு உங்களுக்குச் சம்மதமா?"

"வேண்டாமுங்க" என்றார் பூங்கொடி.

ரெஜினா தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடியும் கேட்டார். பூங்கொடியும் பொறுமையாக மறுபடியும் சொன்னார்.

"நல்ல மனுசங்கதானுங்க. ஒரு குறையும் சொல்லறதுக்கில்ல. ஆனா வேண்டாமுங்க. அது சரிப்பட்டு வராது."

"அம்மா!" சாருமதி எழுந்துவிட்டாள். "சரின்னு சொல்லறதுக்குத்தானேம்மா போனே? எனக்காகத்தானேம்மா போனே?"

"ஆமா கண்ணு, போனேன். அப்ப எனக்குப் பயம். பயத்துல கண்டதையும் பேசிப்போட்டேன்." அந்தக் குரலில் கோபமில்லை, பிடிவாதமில்லை. "உள்ள ஒண்ணு கத்திக்கிட்டே இருந்துச்சுன்னு சொன்னேன்ல, அது இப்பக் கத்தறதில்ல. நல்லவிதமா, மெதுவா எடுத்துச் சொல்லுது. அது கத்தினதுனாலதான் நான் பொய்யின்னு நெனச்சுப்போட்டேன். பொறுமையாக் கேட்டா, அது சொல்லறதுல தப்பு ஒண்ணுமே இல்ல கண்ணு. எல்லாம் உன்ற நல்லதுக்குத்தான்."

சாருமதி தெளிவகத்துக்குப் போன் போட்டாள். டாக்டர் கீர்த்திவாசன் உடனே எடுத்தார்.

"டாக்டர், அம்மாவுக்கு என்ன பண்ணினீங்க?"

"ஏன், மறுபடியும் சிவக்குதா?"

"இல்லீங்க. பச்சைதான்."

"அப்பறம் என்னம்மா?"

"பயம் போயிருச்சு. ஆனா பயம் சொல்லிக் குடுத்தது எல்லாம் அப்படியே இருக்குது டாக்டர்!"

"பயத்தை எடுக்கத்தாம்மா எங்களுக்கு உத்தரவு. அது சொல்லிக் குடுத்ததை எடுக்கச் சொல்லி யாரும் கேக்கலையே" என்றார் டாக்டர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. கூடவே, அடுத்த நோயாளி காத்திருப்பதாகவும் சொன்னார்.

நிகரன்பன் மனைவியின் தோளைத் தொட்டு, "நாங்கள் இருவரும் இப்போது ஒரே கருத்தில் இருக்கிறோம். குடும்பத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்?" என்றார். இரண்டு காதுகளும் ஒரே பச்சையில் மின்னின.

ரெஜினா பலகையில் எழுத வேண்டியதை எழுதினார். இரண்டு பச்சை, இரண்டு மறுப்பு, மேல்முறையீடு இல்லை. எழுதும்போது அவர் காது சிவந்துபோனது. யாரும் பார்ப்பதற்குள் தலைமுடியை இழுத்து அதன்மேல் விட்டுக்கொண்டார்.

அங்கமுத்து எழுந்தார். "வரோமுங்க" என்று பூங்கொடியைப் பார்த்துக் கும்பிட்டார். போன முறை தனக்குத் தண்ணீர் கொடுத்த பெண்ணை அந்த முகத்தில் தேடியவர்போல ஒரு கணம் நின்றார். பிறகு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். நித்திலன் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

சாருமதி ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த கைகள். இடி இடித்தால் அவளைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டே அவளை அணைத்துப் பிடித்த கைகள். இப்போது அவை வெதுவெதுப்பாக, அசையாமல் அவள் கைகளுக்குள் கிடந்தன.

"அம்மா, ஒரே ஒரு தடவை பயந்து பாரும்மா. எனக்காகக் கொஞ்சம் பயந்து பாரும்மா."

பூங்கொடி மகளின் தலையை அன்போடு தடவிக் கொடுத்தார்.

"எதுக்குக் கண்ணு பயப்படோணும்?" என்றார்.